பேகம் ரொக்கேயா கல்கத்தாவில் பள்ளி நடத்தியபோது சந்தித்த பெரிய தடை எது?

பி.எட். ஒப்படைப்புக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. “பழமைவாதிகளின் எதிர்ப்பு” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த எதிர்ப்பு எந்த உருவத்தில் வாசலுக்கு வந்தது என்று பார்த்தால் விடை எளிது: வண்டி. பிள்ளைகளைத் தெருவில் ஒருவர் கண்ணிலும் படாமல் பள்ளிக்குக் கொண்டுவந்து, திரும்ப வீட்டில் விடும் வண்டி.

முன்கதை சுருக்கமாக. ரொக்கேயா வங்காளத்து முஸ்லிம் எழுத்தாளர், பெண் கல்விக்காகப் போராடியவர். அவருடைய கணவர் சகாவத் ஹுசைன் 1909 மே மாதம் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்றே 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பீகாரின் பாகல்பூரில் 5 மாணவிகளோடு பள்ளி தொடங்கியது. கணவரின் முதல் தாரத்து மகளோடு சொத்துத் தகராறு முற்ற, ரொக்கேயா ஊரை விட்டே கிளம்பிவிட்டார். 1911 மார்ச் 16 அன்று கல்கத்தாவில், வலியுல்லா சந்து 13ஆம் எண் வீட்டில், 8 பேரோடு மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்துப் படித்தவர் இல்லை. ஆங்கிலம், இரவில் வீட்டிலேயே அண்ணன் சொல்லிக்கொடுத்தது.

இனி வண்டி. பிற்பாடு பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ் வந்தது. பர்தாவுக்கு ஏற்றபடி நாலு பக்கமும் அடைத்துக் கட்டியிருந்தார்கள். காற்றுக்கென்று இருந்தது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு கம்பிவலைத் துண்டுகள். ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம். கல்கத்தா வெயிலில் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளுக்கு அவ்வளவுதான்.

முதல் நாள் கூடப் போன பணிப்பெண் திரும்பி வந்து சொன்னது: உள்ளே ஒரே புழுக்கம், சிலர் வாந்தி எடுத்தார்கள், சின்னதுகள் இருட்டுக்குப் பயந்து அழுதன. மறுநாள் காலை கதவுப் பலகையை இறக்கித் திறந்துவிட்டு வண்ணத்துணி ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். அப்படியும் இரண்டு மூன்று பேர் மயங்கித்தான் வந்து சேர்ந்தார்கள். மாலையில் பக்கவாட்டிலும் இரண்டு பலகைகளை இறக்கித் துணி கட்டினார்கள். தெருவில் அந்த பஸ்ஸைப் பார்த்த தோழி ஒருவர், பெரிய அலமாரி ஒன்று நகர்ந்து போகிறதோ என்று நினைத்தாராம்.

அப்புறம்தான் வேடிக்கை. தாய்மார்கள் வந்து, பிள்ளைகளை உயிரோடு குழியில் வைக்கிறீர்களா, நாளையிலிருந்து அனுப்பமாட்டோம் என்று சண்டை. அன்று மாலைத் தபாலிலோ நேர்மாறான கடிதங்கள்: பக்கத்துத் திரைகள் காற்றில் பறக்கின்றன, பர்தா போகிறது, உடனே சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதி நாறடிப்போம் என்று. துணியைக் கட்டினால் ஒரு கூட்டம், பலகையை ஏற்றினால் இன்னொரு கூட்டம். எப்படிச் செய்தாலும் பெயர் வெட்டப்படுவது வருகைப் பதிவேட்டில்தான். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார், நான் கோத்தது இல்லை. பர்தா சரியா தவறா என்ற பஞ்சாயத்துக்கும் நான் வரவில்லை, பின்னூட்டத்தில் வாளை உருவாதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டு வாங்க அவரும் புர்கா போட்டுக்கொண்டுதான் போனார். போடாமல் போயிருந்தால் எந்த வீட்டுக் கதவும் திறந்திருக்காது.

அடுத்த தலைவலி ஆசிரியைகள். அந்த வீடுகளில் ஆண் ஆசிரியர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்களிலோ பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கயா, ஆக்ரா, நம் மெட்ராஸ் என்று வெளியூர்களிலிருந்து வரவழைத்தார். முஸ்லிம் பெண்களுக்கென ஒரு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை அரசு கல்கத்தாவில் தொடங்கியது 1919இல்தான். பயிற்றுமொழியும் இழுபறி: அவர் வங்க மொழிக்காகக் கடைசிவரை வாதாடியவர், ஆனால் கல்கத்தாவின் வசதியான முஸ்லிம் வீடுகள் உருது பேசின. வங்க மொழி வகுப்புக்குப் பிள்ளைகள் சேரவில்லை, பள்ளி உருதுவில் ஓடியது.

மெட்ராஸ் என்றதும் ஒரு ஆதங்கம். அவருடைய புகழ்பெற்ற கதை ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் முதலில் அச்சானது மெட்ராஸிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகை ஒன்றில். மகளிர் தினத்துக்கு நாம் போடும் பதிவுகளில் அது வராது. “முதல் முஸ்லிம் பெண்கள் பள்ளி” என்ற தப்பு மட்டும் தவறாமல் வரும். இன்றைய வங்கதேசத்துக் குமில்லாவில் நவாப் பைசுன்னிசா என்ற பெண் ஜமீன்தார் 1873லேயே பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டார். இவர் முதல் ஆள் இல்லை என்றால் என்ன குறைந்துவிடப்போகிறது? பள்ளியை 21 ஆண்டுகள் மூடாமல் நடத்தினாரே.

ஒப்படைப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: பிறப்பு 1880, இறப்பு 1932, இரண்டுமே டிசம்பர் 9. தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.