கண்மாய்ச் சேற்றின் நாற்றத்துக்கும் ஆதிக் கடலுக்கும் என்ன தொடர்பு?

“கோடையில் மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றும்போது எழும் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான பாக்டீரியாக்கள்தாம் ஆதிக் கடல்களின் தன்மையையே மாற்றின என்று சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?” என்பது கேள்வி. பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தப் பாக்டீரியாக்கள் தனித்து நின்று அதைச் செய்யவில்லை. ஆக்சிஜனை வெளியிட்ட வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் கடலில் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு வடிவம்) சேர வழி செய்த பிறகுதான் இவற்றின் கை ஓங்கியது. இந்த இரு கூட்டங்களுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலே கந்தகச் சுழற்சியின் வரலாறு என்று, இங்கே நுண்ணுயிரியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், நான் கருதுகிறேன்.

முதலில் சேற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். நீர் தேங்கிய சேற்றில் மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் ஒரு வகைப் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. மக்கும் இலைதழைகளிலிருந்து ஆற்றல் பெறுகின்றன. கழிவாக ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை என்பதால் அந்த வாயுவில் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்பைடாகிவிடுகிறது. மிஞ்சியதுதான் நம் மூக்கை எட்டுகிறது. சாக்கடை கலக்கும் கண்மாய்களில் மக்கும் பொருளும் சல்பேட்டும் ஒருங்கே சேர்வதால் நாற்றம் இன்னும் கூடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் உயரமான கண்ணாடி ஜாடியில் கண்மாய்ச் சேற்றை நிரப்பி, கிழித்த செய்தித்தாளையும் சல்பேட்டுக்காகச் சிறிது ஜிப்சத்தையும் கலந்து, மேலே நீர் ஊற்றி, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தால் அடியில் கரிய பட்டை படரும். அதன்மேல் பச்சைப் பட்டையும் அதற்கும் மேல் ஊதாப் பட்டையும் தோன்றும். கரிய சேற்றைத் துளியளவு எடுத்துச் சோதனைக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கருமை மறைந்து நாற்றம் குப்பென்று எழும். குழாயின் வாயில் பிடித்த லெட் அசிட்டேட் தாள் அந்த வாயு பட்டுக் கறுத்துப்போகும். பச்சையும் ஊதாவும் அந்த சல்பைடையும் ஒளியையும் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்கள். இவை ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. இந்த ஜாடி முறையை வகுத்தவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்தே உயிர் வாழும் பாக்டீரியாக்கள் உண்டு என்று 1887இல் காட்டியவரும் அவரே. ஆக, கந்தகத்தை ஒருபுறம் சல்பைடாக்குவதும் மறுபுறம் சல்பேட்டாக்குவதும் நுண்ணுயிர்களின் வேலை.

இது எவ்வளவு பழைய வேலை என்பதைப் பாறைகளிலிருந்து அறிகிறார்கள். கந்தகத்தில் 32, 33, 34, 36 என்ற நிறை எண்களைக் கொண்ட நான்கு நிலையான ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள், உள்ளன. ஏறத்தாழ 95 சதவீதம் 32தான். மூட்டை தூக்குபவர் எடை குறைந்ததை முதலில் எடுப்பதுபோல் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் 32ஐ விரும்பி எடுக்கின்றன. எனவே அவை உண்டாக்கிய சல்பைடில் 34 குறைந்திருக்கும். அந்த சல்பைடு இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாக மாறிப் பாறையில் உறைந்துவிட்டால் அந்தக் குறைவும் அதிலேயே நின்றுவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில், ஏறத்தாழ 347 கோடி ஆண்டு வயதுடைய பேரைட் என்ற சல்பேட் கனிமத்தின் படிகங்களுக்குள் இருந்த நுண்ணிய பைரைட் துணுக்குகளில் இத்தகைய குறைவு இருப்பதை 2001இல் வெளியிட்டார்கள். அது சல்பேட்டைச் சுவாசித்தவற்றின் வேலையா, தனிமக் கந்தகத்தைப் பிளந்தவற்றின் வேலையா என்ற விவாதம் பின்னர் எழுந்தாலும், கந்தகத்தை நம்பி வாழ்ந்த உயிர்களின் சுவடு என்பதே பலரின் முடிவு. நம் யானைமலையில் இதைத் தேட முடியாது. மதுரை வட்டாரப் பாறைகள் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. இத்தகைய சுவடுகளைப் படிக்க அவ்வளவாக வேகாத பழைய படிவுப் பாறைகள் வேண்டும்.

அந்தத் தொடக்கக் காலத்தில் கந்தகம் பெரும்பாலும் எரிமலைகளின் வழியாகவே கடலுக்கு வந்தது. சல்பேட் இன்றைய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை என்பதற்கும் கந்தகமே சாட்சி. ஆக்சிஜன் இல்லாத காற்றில் சல்பர் டை ஆக்சைடைப் புற ஊதாக் கதிர்கள் உடைக்கும்போது, ஐசோடோப்புகளின் விகிதம் நிறையை ஒட்டிய வழக்கமான ஒழுங்குக்கு உட்படாமல் விலகுகிறது. புவிவேதியியலாளர் ஜேம்ஸ் ஃபார்குவரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் இந்த விலகலைப் பழம்பாறைகளில் கண்டறிந்தார்கள். காற்றில் ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே அந்தக் குறி பதியாது என்பது கணக்கு. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து அது பாறைகளிலிருந்து மறையத் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் அதற்கு முந்தைய ஆறுகள் உருட்டி வழவழப்பாக்கிய பைரைட் மணிகள் துருப்பிடிக்காமல் கிடப்பதும் இதையே சொல்கிறது. இன்றைய வைகையில் பைரைட் மணி அப்படி உருண்டு வந்தால் வழியிலேயே ஆக்சிஜனேற்றமடைந்து கரைந்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன ஆக்சிஜன் வெளியிடும் கூட்டமான சயனோபாக்டீரியாக்கள் விட்ட ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியதும் நிலத்துப் பைரைட் சல்பேட்டாகக் கரைந்து ஆறுகள் வழியே கடலைச் சேர்ந்தது. பாக்டீரியாக்களுக்கு அது பெரும் விருந்தாயிற்று. அதன் பிறகு ஆழ்கடல் முழுவதும் சல்பைடால் நிறைந்தது என்று புவிவேதியியலாளர் டொனால்ட் கேன்ஃபீல்ட் 1998இல் முன்வைத்தார். பிந்தைய ஆய்வுகளின்படி ஆழ்கடலின் பெரும்பகுதியில் கரைந்த இரும்பே மிகுந்திருந்தது. சல்பைடு நீர் கண்டங்களின் ஓரங்களில் வளம் மிகுந்த பகுதிகளில் பரவியிருந்தது. எனக்கு இந்தத் திருத்திய சித்திரமே ஏற்கத்தக்கதாகப் படுகிறது. அப்படிப்பட்ட நீர் இருந்ததற்கான மிக நேரடியான சான்று ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறைகளில் இருக்கிறது: 164 கோடி ஆண்டுப் பழமையான அப்பாறைகளில் ஊதா, பச்சைக் கந்தகப் பாக்டீரியாக்களின் நிறமிகளுடைய எச்சங்கள் கிடைத்துள்ளன. ஜன்னலோர ஜாடியில் காணும் அதே இரு கூட்டத்தாரின் உறவுகள் அவை.

சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனால் பயன் பெற்றதோடு நிற்கவில்லை, திருப்பியும் கொடுத்தன என்பதுதான் பலரும் கவனிக்காத பகுதி. சல்பைடு மீண்டும் ஆக்சிஜனைச் சந்தித்தால் அதைத் தின்றுவிடும். ஆனால் இரும்போடு சேர்ந்து பைரைட்டாகச் சேற்றில் புதைந்துவிட்டால் அந்தச் செலவு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகிறது, அந்த அளவு ஆக்சிஜன் காற்றில் மிஞ்சுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் கடலடியின் நாற்றச் சேற்றுக்கும் பங்கு உண்டு என்று நான் வகுப்பில் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சல்பைடு மேலெழுந்து கேடு செய்த காலமும் உண்டு. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரிய எரிமலைப் பெருக்கால் கடல் வெப்பமடைந்து ஆக்சிஜன் குன்றியபோது, வெளிச்சம் படும் ஆழம்வரை சல்பைடு ஏறியதைப் பச்சைப் பாக்டீரியாக்களின் நிறமி எச்சங்கள் காட்டுகின்றன. கடலினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்த நிகழ்வு அது; வெப்பத்தோடு சல்பைடும் அதில் ஒரு காரணம்.

நமக்கருகே சிவகாசியில் பட்டாசுக்கு வாங்கும் மஞ்சள் கந்தகத்தையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெயையும் இயற்கை எரிவாயுவையும் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. எண்ணெய்க்குள் கந்தகம் புகுந்ததில் பண்டைய கடற்சேற்றுப் பாக்டீரியாக்கள் விட்ட சல்பைடுக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி கேட்டவர் பின்குறிப்பாக, “இந்த வாயு ஆபத்தானதா?” என்றும் கேட்டிருந்தார். திறந்தவெளிக் கண்மாயில் காற்று கலைத்துவிடுவதால் பெரும்பாலும் தொல்லையோடு போய்விடும். பாதாளச் சாக்கடை அப்படியல்ல. குழாயின் உட்புறத்தில் படியும் வழுக்குப் படலத்தில் சல்பேட்டைச் சுவாசிப்பவை வாயுவை உண்டாக்க, அது மேலேறிக் கூரையின் ஈரத்தில் கரைய, அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. கான்கிரீட் வெண்ணிற ஜிப்சமாகி உதிர்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945இல் இதை விளக்கினார். குழாய்க்காவது பல ஆண்டுகள் ஆகும், மனிதனுக்குச் சில மூச்சுகள் போதும். வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகிறது, நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. ஆயிரத்தை நெருங்கினால் உடனே நினைவு தப்புகிறது. ஆதலால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “நாற்றம் இல்லை, இறங்கு” என்று எவரையும் அனுப்பவே கூடாது. அடைப்பை இயந்திரத்தால் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் வாயுவை அளவுமானியால் மட்டுமே அறிய வேண்டும்.