விண்ணப்பம் முதலில், கொள்முதல் பிறகு: சூரிய மின்சாரம், மின்சேமிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

அரசு மானியம், வட்டிச் சலுகை, இலவசப் பயிற்சி ஆகியவை குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டு மின் இணைப்பு, காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வரை ஓடுகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் வரும், அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும் என்கிறார் பேனல் போட்டுத் தருபவர். நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

மானியத் தொகை சரி. கழித்துக்கொள்கிறேன் என்பதுதான் இடிக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில், நீங்களே பேனல் போட்டுக்கொள்ளும்போது மானியம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவும் பேனல் மாட்டி, நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும், வீட்டிலிருந்து போகும் மின்சாரம் இரண்டையும் அளக்கும் மீட்டர்) வைத்து, மின்வாரியம் ஆய்வு செய்து, சோலார் ஓடத் தொடங்கியதைக் காட்டும் இயக்க அறிக்கை திட்டத் தளத்தில் ஏறிய பிறகுதான். அதுவரை முழுப் பணத்துக்கும் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும். கையில் இல்லையென்றால் 3 கிலோவாட் வரை ஜாமீன் இல்லாத வங்கிக் கடன் உண்டு. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு அரை சதவீதம். 'ஜன் சமர்த்' தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

அதற்கு முன், உங்களுக்கு 3 கிலோவாட் தேவையா என்று பாருங்கள். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 720 யூனிட். உங்கள் செலவு 380. அதிலும் முதல் 100 யூனிட் இலவசம். 2 கிலோவாட் போட்டாலே 480 யூனிட் கிடைக்கும். மானியமும் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000-ஐத் தாண்டாது. உங்கள் செலவுக்கு 2 கிலோவாட், 60,000 ரூபாய் மானியம் என்பதே பொருத்தம். விரைவில் ஏசி வாங்கும் எண்ணமோ மின்சார வண்டி வாங்கும் எண்ணமோ இருந்தால் மட்டும் மூன்றைப் பற்றி யோசியுங்கள்.

பெயர் விஷயத்தை முதலில் முடியுங்கள். இணைப்பில் அப்பா பெயர், வங்கிக் கணக்கில் உங்கள் பெயர் என்றால் மானியம் அங்கேயே நின்றுவிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது ஆகியவற்றுடன் மின் இணைப்பைப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதையும் அதே வேளையில் பாருங்கள். போடப்போகும் சோலாரைவிடக் குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிறகு இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு கிடையாது. அந்தத் தளத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தை மட்டுமே தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். அது திட்டத்தின் நிபந்தனை, அவர் செய்யும் தயவு அல்ல.

பலர் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். 'டிசிஆர்' பேனல் என்பார்கள். வெளிநாட்டு செல்லை வைத்து இங்கே பொருத்திய பேனல் விலை குறைவு. ஆனால் அதற்கு மானியம் இல்லை. மாடிக்கு ஏற்றும் முன்பே பேனல்களின் வரிசை எண்களையும் டிசிஆர் சான்றையும் வாங்கி, அரசின் டிசிஆர் சரிபார்ப்புத் தளத்தில் போட்டுப் பாருங்கள். மாட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது, மானியக் கணக்கில் பேனல் திறன், பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதையே எடுப்பார்கள். 540 வாட் பேனல் ஐந்து போட்டு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் வைத்து, '3 கிலோவாட் சிஸ்டம்' என்று விற்பார்கள். பேனல் கூட்டுத்தொகை 2.7 கிலோவாட்தான். மானியம் 60,000-மும் 0.7-க்கு 12,600-மும் சேர்த்து 72,600. எதிர்பார்த்ததில் 5,400 குறையும். விலைப்புள்ளியில் பேனல் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வாட், இன்வெர்ட்டரின் திறன் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது மாடிக்கு ஏறிப் பாருங்கள். நம் ஊரில் பேனல் தெற்குப் பார்த்து, ஏறத்தாழ 10 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை 9 முதல் மாலை 3 வரை எந்தப் பேனலிலும் விழக்கூடாது. பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துவிடும். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு, டிசி பக்கத்துக்கு, ஏசி பக்கத்துக்கு. ஒரே குழியில் மூன்றையும் கட்டினால், இடி இறங்கும் நாளில் இன்வெர்ட்டர் போய்விடும். பேனல் ஒயர்களை இணைக்கும் கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் பிடிப்பு தளர்ந்து சூடேறி உருகும். மாடியில் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறது. பேட்டரி வைக்க மானியம் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சப்ளை நின்றதும், மின்வாரியக் கம்பியோடு இணைந்த கிரிட் இன்வெர்ட்டரும் தானாக நிற்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாடி மின்சாரம் கம்பத்துக்குப் போய் அவரைத் தாக்கும். இருட்டிலும் விளக்கு எரிய, பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். மானியம் சோலார் திறனுக்கு மட்டுமே. பேட்டரிக்கான கூடுதல் செலவு உங்களுடையது. மின்வெட்டு எப்போதாவதுதான் என்றால் இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறிக்கு வழக்கமான வீட்டு இன்வெர்ட்டரே மலிவு.

எங்கள் அடுக்ககத்தில் 40 வீடுகள். லிப்ட், மோட்டார், பொது விளக்குக்கு மட்டும் சோலார் போட நினைக்கிறோம். சங்கத்துக்கு மானியம் கிடைக்குமா?
– குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை

கிடைக்கும். பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். மின்சார வண்டி சார்ஜ் செய்யும் வசதியும் இதில் அடங்கும். வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் உங்களுக்கு 120 கிலோவாட் வரை இடமுண்டு. எந்தச் சங்கத்துக்கும் மேல் வரம்பு 500 கிலோவாட். 30 கிலோவாட் போட்டால் 5,40,000 ரூபாய். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்று 3,000 சதுர அடி நிழலில்லாத மாடி தேவை. தொட்டி, லிப்ட் அறை, துணி காயும் இடம் எல்லாம் போக அவ்வளவு மிஞ்சுமா என்று முதலில் அளந்து பாருங்கள். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பொதுக்குழுத் தீர்மானம் இரண்டையும் தயாராக வைத்திருங்கள். பொது இணைப்பின் கட்டணப் பிரிவு வீட்டு இணைப்பிலிருந்து வேறு என்பதால், உபரி யூனிட்டை எப்படிக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

சிறிய சாயப்பட்டறை நடத்துகிறோம். விறகு பாய்லர் ஒன்று, 30 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று. இரண்டையும் மாற்ற நினைக்கிறோம். மின்சேமிப்புக்கு வட்டிச் சலுகை வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

கொடுக்காதீர்கள். நீங்கள் கேள்விப்பட்டது எரிசக்தித் திறன் செயலகம், அதாவது பிஇஇ, செயல்படுத்தும் 'அடீட்டி' திட்டம். 2025 ஜூலையில் தொடங்கியது. 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம் வட்டிச் சலுகை. திட்டத்தில் சேர்த்த 14 தொழில்களில் ஜவுளியும் ஒன்று. புதிய தொழில்நுட்பத்தால் குறைந்தது 10 சதவீத எரிசக்தியாவது மிச்சமாக வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பத்தை எதிலிருந்து கழிப்பது? பழைய மெஷின் ஓடும்போதே அளந்து வைத்த கணக்கிலிருந்து. பழையதைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்ட பிறகு எரிசக்திச் செலவை அளந்து ஆராயும் எந்தத் தணிக்கையாளராலும் அதை அளக்க முடியாது. தணிக்கை, திட்ட அறிக்கை, கடன் அனுமதி, அதற்குப் பிறகே ஆர்டர். தணிக்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் தமிழக அரசின் 'பீஸ்' திட்டமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

தணிக்கையாளர் வருவதற்குள் நீங்களே சிலவற்றைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை, காற்று எடுக்கும் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடுகிறது, எவ்வளவு நேரம் லோடில்லாமல் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் கசிவு சதவீதம் வந்துவிடும். ஒன்றரை நிமிடம் லோடு, பத்தரை நிமிடம் ஓய்வு என்றால் 12.5 சதவீதக் காற்று கசிவிலேயே போகிறது. ஹோஸ் கிளாம்பும் வால்வும் மாற்ற ஆகும் செலவு, புது கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. கசிவை அடைத்த பிறகு இப்போதைய கம்ப்ரசரே அதிகம் என்று தெரிந்தாலும் தெரியும்.

பாய்லரில், நீராவி குளிர்ந்து உண்டாகும் கண்டன்சேட் வெந்நீர் சாக்கடைக்குப் போகிறதா பாருங்கள். அதைத் தொட்டிக்குத் திருப்பி, பாய்லருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 6 டிகிரி உயர்த்தினால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம். புகைபோக்கியில் போகும் வாயுவின் வெப்பத்தை 22 டிகிரி குறைத்தால் இன்னொரு சதவீதம். ஆனால் கண்டன்சேட்டில் சாயத் தண்ணீர் கலக்கிறதா என்று பாருங்கள்; நீராவியால் சாயத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை இருந்தால் சாயமும் உப்பும் பாய்லருக்குள் போய்க் குழாயைக் கெடுத்துவிடும். கண்டன்சேட்டைத் திருப்பி எடுத்த பல பட்டறைகள் மறுபடி சாக்கடைக்கே விட்டதற்கு இதுதான் காரணம். ஓட்டையை அடைக்காமல் குழாய் மட்டும் போடாதீர்கள்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன். சோலார் வேலை கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி நிலையம் 25,000 ரூபாய் கேட்கிறது. அரசுப் பயிற்சி ஏதாவது உண்டா?
– வாசகி, விருதுநகர்

பணம் கட்ட வேண்டாம். மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 'சூரியமித்ரா' பயிற்சி உங்களைப் போன்றவர்களுக்காகவே 2015 முதல் நடந்துவருகிறது. 600 மணி நேரம், ஏறத்தாழ மூன்று மாதம், கட்டணம் இல்லை. தேசிய சூரிய எரிசக்தி நிறுவனம் அங்கீகரித்த மையங்களில் நடக்கும். நிழல் அளப்பது, ஸ்ட்ரக்சர் அமைப்பது, டிசி ஒயரிங், எர்த்திங், சோதனை என்று எல்லாம் கைவேலையாகவே இருக்கும். முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. சேரும்போது தங்கும் வசதி எப்படி, பெண்களுக்குத் தனி விடுதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சூரியமித்ரா சான்றிதழ், மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் தகுதிச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய நினைத்தால் அந்த உரிமத்துக்கும் இப்போதே முயற்சி செய்யுங்கள். நீங்கள் ஐடிஐ முடித்தவர் என்பதால் வழி திறந்தே இருக்கிறது. காற்றாலைப் பக்கம் விருப்பமிருந்தால், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை நிறுவனத்தில் 'வாயுமித்ரா' பயிற்சி பற்றிக் கேளுங்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஆலையில் ஏழு ஆண்டுகளாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எரிசக்தித் தணிக்கையாளர் ஆக முடியுமா?
– வாசகர், சேலம்

தேர்வு எழுதலாம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஆறு ஆண்டு அனுபவம் போதும். பொறியியல் பட்டதாரிக்கு மூன்று. பிஇஇ நடத்தும் தேர்வில் தாள்கள் நான்கு. முதல் மூன்றுக்கும் தலா 150 மதிப்பெண், மூன்று மணி நேரம்: பொதுப் பகுதி, வெப்பப் பகுதி, மின் பகுதி. இவற்றில் தேறினால் எரிசக்தி மேலாளர். நான்காவது தாளான 100 மதிப்பெண் கணக்குத் தாளையும் முடித்தால் தணிக்கையாளர். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும்.

நான்காவது தாளைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் பலர் அசட்டையாக விடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் பக்கம் புரட்ட நேரமிருக்காது. பாய்லர் திறனை, இழப்புகளை நூறிலிருந்து கழிக்கும் மறைமுக முறையில் கணக்கிடுவது, பம்ப், கூலிங் டவர், கம்ப்ரசர் இவற்றின் கணக்குகளை உங்கள் ஆலை மெஷின்களின் அளவுகளை வைத்தே போட்டுப் பழகுங்கள். வழிகாட்டி நூல்கள் நான்கும் பிஇஇ தளத்தில் இலவசம். அனுபவச் சான்றிதழில் 'பராமரிப்புப் பணி' என்று மொட்டையாக இருந்தால் போதாது. எந்தெந்தச் சாதனங்களில் எரிசக்திப் பயன்பாடு சார்ந்த என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள். எரிசக்தியை அதிகம் செலவிடும் ஆலைகளில் சட்டப்படி இருந்தாக வேண்டிய தணிக்கையைச் செய்ய, தேர்வுக்குப் பிறகு அனுபவமும் பிஇஇ அங்கீகாரமும் தனியாகத் தேவை. ஆலையிலேயே மேலாளராக இருக்க அது வேண்டாம்.

குசும் திட்டத்தில் சோலார் பம்ப்செட் ஒதுக்கியாகிவிட்டது, பதிவுக் கட்டணம் 5,600 ரூபாயை உடனே அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அனுப்பலாமா?
– விவசாயி, அரியலூர்

அனுப்பவே அனுப்பாதீர்கள். இந்தத் திட்டத்தின் பெயரில் போலித் தளங்கள் உலவுவதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. 2019-ல் வந்த குசும் திட்டத்தில் 7.5 குதிரைத்திறன் வரையான பம்புக்கு மத்திய அரசு 30, மாநில அரசு 30, விவசாயி 40 சதவீதம் என்பது அடிப்படைக் கணக்கு. சில பிரிவினருக்கு மாநில அரசு கூடுதலாகத் தருகிறது. தமிழ்நாட்டில் இதைச் செய்வது வேளாண்மைப் பொறியியல் துறை. உங்கள் கோட்டத்தில் உள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்குச் சிட்டா, அடங்கல், ஆதாரோடு நேரில் போய், இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, உங்கள் பங்கை எப்போது, யார் பெயரில் கட்டுவது என்று கேளுங்கள். போகும்போது கிணற்றின் ஆழம், கோடையில் நீர்மட்டம், பாசன ஏக்கர் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். பம்பின் குதிரைத்திறனை முடிவு செய்ய அவர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.