‘சின்ஸ்’ எங்கே, ‘ஃபார்’ எங்கே?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் ஐந்து வருடங்களாக டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓசூரில் ஒரு நேர்காணலுக்குப் போனபோது, விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்ற வரியை வட்டமிட்டுக் காட்டினார்கள். சின்ஸ், ஃபார், ஃப்ரம், பை, டில் என்று இத்தனை சொற்கள் எதற்கு? நான் சொல்ல வந்தது அவர்களுக்குப் புரிந்ததுதானே? தமிழ்வழியில் படித்தவனுக்கு இதெல்லாம் கடைசிவரை வராதா?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: புரிந்திருக்கும். ஆனால் டெஸ்பாட்சில் இருக்கும் நீங்கள் ‘புரிந்தால் போதாதா’ என்று கேட்கலாகாது. ‘டெலிவர் பை ஜூன் டென்’ என்றால் பத்தாம் தேதிக்குள் சரக்கு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ‘டெலிவர் அன்டில் ஜூன் டென்’ என்றால் பத்தாம் தேதி வரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் வாங்குபவர் ஒரு கணக்கிலும் நீங்கள் வேறொரு கணக்கிலும் நிற்பீர்கள்.

தமிழ்வழிக் கல்வி மீது பழியைப் போடாதீர்கள். உங்கள் கேள்வியின் முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். ‘ஐந்து வருடங்களாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஐந்து வருடங்களிலிருந்து’ என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் மாட்டீர்கள். இங்கிலீஷில் நீங்கள் செய்த பிழை அதுதான். கால அளவுக்கு ‘ஆக’, தொடங்கிய புள்ளிக்கு ‘இலிருந்து’ என்று தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ‘ஆக’ வரும் இடத்தில் ஃபார் போடுங்கள்: ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஃபார் டூ ஹவர்ஸ், ஃபார் எ லாங் டைம். அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் ‘சின்ஸ் லாஸ்ட் த்ரீ இயர்ஸ்’ என்பதும் இதே பிழைதான். ‘கடந்த மூன்று வருடங்களாக’ என்றுதானே சொல்வோம்? ஆகவே ‘ஃபார் த லாஸ்ட் த்ரீ இயர்ஸ்’.

தமிழ் உங்களைக் கைவிடும் இடம் வினைச்சொல். ‘வேலை பார்க்கிறேன்’ என்ற நிகழ்காலமே நமக்குப் போதும். இங்கிலீஷுக்குப் போதாது. அன்று தொடங்கி இன்றும் நீடிக்கிற செயலுக்கு அங்கே ‘ஹேவ் பீன்’ வேண்டும். எனவே உங்கள் வரி ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று வர வேண்டும். சின்ஸை ஃபார் என்று மட்டும் திருத்திவிட்டு ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்பதை அப்படியே விட்டால் பாதிப் பிழை மிச்சம் இருக்கும். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

‘இலிருந்து’ வரும்போது இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ஏனென்றால் சின்ஸ், ஃப்ரம் இரண்டுக்குமே நம்மிடம் அது ஒன்றுதான். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து பிரிந்து 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவானது, அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. கிருஷ்ணகிரி இன்றும் தனி மாவட்டம்தான். ஆகவே ‘இட் ஹேஸ் பீன் எ செப்பரேட் டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004’. தருமபுரியோடு இருந்த காலம் முடிந்துபோனது. ஆகவே ‘இட் வாஸ் இன் தருமபுரி டிஸ்ட்ரிக்ட் ஃப்ரம் 1965 டு 2004’. தொடங்கியது இன்னும் நீடிக்கிறதென்றால் சின்ஸ். இரு முனையும் தெரிந்தாலோ இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றாலோ ஃப்ரம். ‘நாளையிலிருந்து’ என்பது ஃப்ரம் டுமாரோ, அங்கே சின்ஸுக்கு வேலையே இல்லை. அதேபோல் ‘ஃப்ரம் மார்னிங் ஐ ஆம் வெய்ட்டிங்’ தவறு. ‘ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங் சின்ஸ் மார்னிங்’ என்று சொல்லுங்கள்.

ஃபாருக்கு முன்னால் எப்போதும் ‘ஹேவ் பீன்’தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். முடிந்த கதைக்கு இறந்தகாலம் போதும். ‘இட் வாஸ் இன் தருமபுரி டிஸ்ட்ரிக்ட் ஃபார் 38 இயர்ஸ்’ என்பது சரியான வாக்கியம். இதையே ‘ஹேஸ் பீன்’ என்று எழுதினால் இன்னும் தருமபுரி மாவட்டத்திலேயே இருப்பதாகப் பொருள்படும்.

அடுத்தது ‘க்குள்’. ‘பத்தாம் தேதிக்குள்’, ‘பத்து நாளுக்குள்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. இங்கிலீஷ் இதைப் பிரிக்கும். தேதி, கிழமை, மணி என்றால் பை. நாள்கணக்கு, மணிக்கணக்கு என்றால் வித்தின். ‘வித்தின் டென்த் ஜூன்’ என்று எழுதுபவர்கள் நிறைய, அது பிழை. பை என்றால் அந்தத் தேதியும் சேர்த்திதான். பணம் சம்பந்தப்பட்ட தாளில் வழக்குக்கு இடம் வைக்க வேண்டாம் என்றால் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று எழுதிவிடுங்கள். ‘பத்து நாள் கழித்து அனுப்புகிறோம்’ என்பதை ‘ஆஃப்டர் டென் டேஸ்’ என்று எழுதினால், பத்து நாளுக்குப் பிறகு என்றைக்கு வேண்டுமானாலும் என்று வெளிநாட்டுக்காரர் படிப்பார். ‘இன் டென் டேஸ்’ என்பதே உங்கள் கருத்து. அதைவிடத் தேதியையே போட்டுவிடுவது உத்தமம்.

‘வரை’ என்றால் அன்டில். டில் என்றாலும் பொருள் அதேதான், கடிதத்தில் அன்டில் பொருத்தமாக இருக்கும். ஒரு நிலை நீடித்து ஒரு கட்டத்தில் முடிவதை அது சொல்லும்: ‘த ஃபேக்டரி வில் ரன் அன்டில் ஜூலை’. ஜூலையில் முடிந்துவிட வேண்டிய ஒரே ஒரு வேலைக்கு அன்டில் ஒத்துவராது, பை தான் வேண்டும்.

எதிர்மறையில் கூடுதல் கவனம் தேவை. ‘ஐந்து மணி வரை லாரி வரவில்லை’ என்றால் பிறகு வந்ததா இல்லையா என்பது தமிழில் திறந்தே இருக்கிறது. ‘த லாரி டிட் நாட் கம் அன்டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்கு வந்துவிட்டது என்றே பொருள். இதே காரணத்தால், பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தில் ‘வி ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேமென்ட் டில் நவ்’ என்ற வரி ஆபத்தானது. இவ்வளவு நாள் வராதது இப்போது வந்துவிட்டது போலும் என்று படிப்பவர் எண்ண இடமிருக்கிறது. நம் ‘இதுவரை’ அங்கே டில் நவ் ஆகாது. ‘வி ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேமென்ட் யெட்’ என்று எழுதி, இன்வாய்ஸ் எண்ணையும் தேதியையும் அதே வரியில் சேருங்கள்.