"மருத்துவச்சி வேலைக்கா?" என்று தயங்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

எம்.பி.பி.எஸ். கிடைக்காத உங்கள் மகள், பி.எஸ்ஸி. நர்சிங் படித்துப் பிரசவம் பார்க்கும் துறைக்கே போவேன் என்கிறாள். "இவ்வளவு படிக்க வைத்து மருத்துவச்சி வேலைக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டது உங்களை உறுத்துகிறது. அந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது, வேறு காரணத்துக்காக.

ஏதென்ஸ் அருகே மெனிதியில் கிடைத்த கல்லறைக் கல் ஒன்று கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஃபனோஸ்திரதே என்ற பெண்ணுக்கு "மருத்துவச்சி, மருத்துவர்" என்று இரண்டு பட்டங்களையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். ஆண் மருத்துவர்களைக் குறித்த அதே 'இயாத்ரோஸ்' என்ற சொல்தான் அவருக்கும். அவர் யாருக்கும் வலி தந்ததில்லை என்றும் அந்தக் கல் சொல்கிறது. பிரசவம் பார்த்தவர் என்பதால் அவரை ஒரு படி கீழே வைக்க அந்த ஊருக்குத் தோன்றவில்லை.

"கல்யாணமாகாத பெண் பிரசவம் பார்ப்பதா?" என்றும் கேட்டார்களாமே. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ் இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்: மருத்துவச்சி தானே பிள்ளை பெற்றிருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் கேட்ட தகுதிகளே வேறு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், நினைவாற்றல் வேண்டும், ஆபத்து நேரத்தில் பதறக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும், காசுக்கு ஆசைப்படக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கம்பளி நூற்றால் கை காய்த்துப்போகும் என்பதால் அந்த வேலையும் கூடாது என்கிறார். பிறக்கப்போகும் குழந்தையைத் தொடும் கை என்று எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்! இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது அவள் பதறுவாளா, நிதானமாக நிற்பாளா? அவளுடைய மார்க்கைவிட எனக்கு அது முக்கியம்.

படிப்பு 4 வருடம். முடித்தால் செவிலியர், மருத்துவச்சி என்ற இரண்டு தகுதிகளும் பதிவாகும். சில காலம் பிரசவ வார்டில் வேலை பார்த்த பிறகு, மகப்பேறுச் செவிலியருக்கான 18 மாத உயர்பயிற்சியும் இருக்கிறது. இரவு டியூட்டி கட்டாயம் வரும். அதை இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, இணைந்த மருத்துவமனையில் மாதம் எத்தனை பிரசவம் நடக்கிறது, மாணவிகளை அருகில் நிற்க விடுகிறார்களா என்று விசாரியுங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும்.