புது ஏழு சீட்டர் எஸ்யூவியில் பத்தே மாதத்தில் பழுதுகள்: நீட்டிப்பு வாரண்டி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். வீட்டில் ஆறு பேர் என்பதால் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றைப் புதிதாக வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடன். வாரண்டி 3 ஆண்டு. டச்ஸ்கிரீன் அடிக்கடி கறுத்துப்போகிறது. மெதுவாகப் போகும்போது ஆட்டோமேட்டிக் கியர் உதறுகிறது. முன் டயர்கள் உட்புறம் மட்டும் தேய்கின்றன. பின்வரிசைக்கு ஏசி சரியாக வருவதில்லை. ஒருமுறை பேட்டரியும் இறங்கிவிட்டது. நீட்டிப்பு வாரண்டியை இப்போதே எடுத்தால் விலை குறைவு, கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் டீலர். எடுக்கலாமா? இல்லை, வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: நீங்கள் சொன்ன ஐந்து குறைகளில் டயரைத் தவிர மற்றவற்றைச் சரிசெய்யும் செலவு இன்றைய நிலையில் பெரும்பாலும் உற்பத்தியாளருடையது. 26 மாதம் கழித்து அது உங்களுடையதாகிவிடும். அதனால் நீட்டிப்பு வாரண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் தேதி, கிலோமீட்டரோடு சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில், அதாவது புகார்களையும் செய்த வேலையையும் எழுதும் தாளில், ஏற வேண்டும். "பார்த்தோம், எல்லாம் நார்மல்தான்" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் ஏற்காதீர்கள். அதையே எழுதித் தரச் சொல்லி, நகலை வீட்டில் வையுங்கள். வாரண்டி காலத்திலேயே பதிவான குறை அதற்குப் பிறகும் தொடர்ந்தால், இலவசமாகச் சரிசெய்து தரும்படி கேட்க உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

இதில் பணத்துக்கு ஆபத்தானது கியர் உதறல். மற்றவை தொந்தரவு, இது ஒன்றுதான் பெரிய தொகையாக மாறக்கூடியது. பல நேரங்களில் காரணம் சாஃப்ட்வேர்தான்: ஓட்டுபவரின் பழக்கத்துக்கு ஏற்ப கியர் மாற்றத்தைக் கற்றுக்கொள்ளும் நிரலைப் புதுப்பித்து மறுபடி கற்க விட்டால் சரியாகிவிடும். ஆனால் இரட்டை கிளட்ச் வகை கியர்பாக்ஸ் என்றால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் சூடாகித் தேயும். மூன்று வரிசையும் நிறைந்தால் வண்டியின் எடை கூடி அந்தச் சுமை இன்னும் ஏறும். கிளட்ச் தேய்மானப் பொருள் என்று வாரண்டியில் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே படித்துப் பாருங்கள். உதறல் எந்த வேகத்தில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா என்று குறித்துக்கொண்டு, சர்வீஸ் சென்டர் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டுங்கள். அப்போதே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "இந்தக் குறைக்குக் கம்பெனியிலிருந்து சர்வீஸ் புல்லட்டின் வந்திருக்கிறதா?" தெரிந்த குறைகளுக்கு இப்படித்தான் சரிசெய்ய வேண்டும் என்று உற்பத்தியாளர் பட்டறைகளுக்கு அனுப்பும் குறிப்பு அது. கேட்காதவருக்குச் சொல்லமாட்டார்கள். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் (குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்ய உற்பத்தியாளர் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டச்ஸ்கிரீனுக்காக மனம் வருந்த வேண்டாம். அமெரிக்காவில் புது வண்டிகளின் முதல் 90 நாள் புகார்களை ஜே.டி. பவர் நிறுவனம் ஆண்டுதோறும் தொகுக்கிறது. அதில் பல ஆண்டுகளாக அதிகப் புகார் இந்தத் திரை சார்ந்த பகுதியில்தான். சாஃப்ட்வேர் அப்டேட் கேளுங்கள். அதற்குப் பிறகும் கறுத்தால் பாகத்தையே மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி இறங்கியதற்கும் இதே திரை காரணமாக இருக்கலாம். வண்டியைப் பூட்டிய பிறகும் தூங்காமல் மின்சாரம் இழுக்கும் கருவிகள் உண்டு. வெளிக் கடையில் கேமராவோ ஆம்ப்ளிஃபையரோ வாங்கிப் பொருத்தியிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பழியை அதன்மேல் போட்டு வாரண்டியை மறுப்பார்கள்.

பின்வரிசை ஏசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்னால் தனி குளிர்விப்பானும் தனி ஊதியும் இருக்கும்; கேஸ் குழாய்கள் வண்டியின் நீளத்துக்கும் ஓடும். குழாய் நீளமாகி இணைப்புகள் கூடும்போது கசிவுக்கான இடங்களும் கூடுகின்றன. வெறுமனே கேஸ் நிரப்பி அனுப்பினால் சில மாதம் குளிரும், அப்புறம் பழைய கதை. கசிவுச் சோதனை செய்து முடிவை எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி முடிந்தபின் இந்தப் பழுதைத் தேடுவது கூலியே அதிகமாகும் வேலை.

டயர் மட்டும் உங்கள் செலவு. உட்புறத் தேய்மானம் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் சரியில்லாததன் அடையாளம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படி இருந்திருக்கலாம் என்று வாதாடிப் பாருங்கள். தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்த வாதம் எடுபடாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: டயர்களின் தேய்மானம் அதிகமாக வேறுபட்டால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பாகங்கள் பாதிக்கப்படும் என்பதால், ஒன்று கெட்டாலும் நான்கையும் மாற்றச் சொல்வார்கள். கனமான வண்டி என்பதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேயும். இவை இரண்டும் எந்த நீட்டிப்பு வாரண்டியிலும் பொதுவாக வராது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. கடனோடு சேர்த்து நீட்டிப்பு வாரண்டி எடுக்காதீர்கள். 10 சதவீத வட்டியில், கடனில் மீதியுள்ள 50 மாதத்துக்கு ஏற்றினால் அதன் விலையைப்போல் ஏறக்குறைய 1.23 மடங்கு கட்டுவீர்கள். அதுவும் முதல் 26 மாதம், எப்படியும் இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு இருக்கும்போதே வட்டி கட்டுகிறீர்கள். அதற்குப் பதிலாக டீலர் சொன்ன விலையை 26-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். வாரண்டி முடியும் நாளில் முழுப் பணமும் வட்டியோடு உங்களிடம் இருக்கும். டயர், பேட்டரி, பிரேக் என்று வாரண்டி தொடாத செலவுக்கும் அது உதவும்.

ஒரே ஒரு நிலையில் நான் வாங்கச் சொல்வேன். சரிசெய்த பிறகும் கியர் உதறல் திரும்பி வந்து, பெரிய பழுது ஒன்று வந்தால் கடன் வாங்கித்தான் சமாளிக்க முடியும் என்ற நிலையில் நீங்கள் இருந்தால் வாங்குங்கள். அப்போதும் உற்பத்தியாளரே தரும் திட்டமாக இருக்க வேண்டும். வேறு நிறுவனங்கள் விற்கும் திட்டங்களில், ஏற்கெனவே இருந்த குறை என்று சொல்லிக் கழற்றிவிட இடமுண்டு. கியர்பாக்ஸும் மின்னணுப் பாகங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா, எதுவரை வாங்க அனுமதி உண்டு என்பதை டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். அடிப்படை வாரண்டி முடியும்வரை வாங்கலாம் என்றால் அவசரமே இல்லை. விலை கொஞ்சம் ஏறினாலும், கியர் நிலவரம் தெரிந்தபின் முடிவெடுப்பது நல்லது.

விற்பதைப் பற்றி: பத்து தவணை கட்டியும் அசலில் ஏறக்குறைய 87 சதவீதம் பாக்கி இருக்கிறது. வண்டியோ முதல் ஆண்டில்தான் வேகமாக மதிப்பிழக்கும். இன்று விற்றால் கடனை அடைக்கக் கைப்பணம் போட வேண்டி வரலாம். ஒரே கியர் குறைக்காக மூன்று நான்கு முறை சர்வீஸுக்கு விட்டும் தீராவிட்டால் விற்கப் போகாதீர்கள். ஜாப் கார்டு நகல்களோடு உற்பத்தியாளரின் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, கியர்பாக்ஸை மாற்றித் தரும்படி கேளுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் நுகர்வோர் புகாருக்கும் அதே நகல்கள்தான் வேண்டும். வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, டீலருக்குச் சம்பந்தமில்லாத நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள். அவர் கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றையும் கடைசித் தேதிக்கு முன் சர்வீஸ் சென்டரில் பதிய வையுங்கள்.