வாசகர் கேள்வி-பதில்: சர்வர் மாறியபின் தரவுத்தள இணைப்பு மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி: எங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பழைய சர்வரிலிருந்து உபுண்டு லினக்ஸ் நிறுவப்பட்ட புதிய சர்வருக்கு மாற்றினோம். இணையதளம் வேறொரு சர்வரில் இயங்குகிறது. புதிய சர்வருக்குள் நுழைந்து பார்த்தால் தரவுகள் அனைத்தும் சரியாக இருக்கின்றன. ஆனால் இணையதளத்திலிருந்து இணைக்க முயன்றால், 2003 என்று தொடங்கி அடைப்புக்குறிக்குள் 111 என்று முடியும் பிழைச்செய்தி வருகிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பிழை போகாது. உங்கள் இணைப்பு கடவுச்சொல் கேட்கப்படும் கட்டத்தை எட்டவே இல்லை. 2003 என்பது சர்வருடன் இணைய முடியவில்லை என்ற பொதுச் செய்தி மட்டுமே. உண்மையான காரணத்தை அதன் இறுதியில் வரும் சிறிய எண்தான் சொல்கிறது. பலரும் அதைப் படிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் 111 என்றால், கோரிக்கை ஏதோ ஓர் இயந்திரத்தை அடைந்து அங்கே உடனடியாக மறுக்கப்பட்டது என்று பொருள். 110 என்றால் பதிலே வராமல் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது. பெரும்பாலும் ஃபயர்வால் எனும் பாதுகாப்புத் தடுப்பு கோரிக்கையை ஓசையின்றி விழுங்கியிருக்கும், அல்லது ஐபி முகவரி தவறாக இருக்கும். விண்டோஸிலிருந்து இணைப்பவர்கள் இவற்றை முறையே 10061, 10060 என்று காண்பார்கள்.

உங்களுக்கு வந்திருப்பது 111 என்பதால், இணையதளத்தின் அமைப்புக் கோப்பில் புதிய சர்வரின் முகவரிதான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தரவுத்தளச் சேவை நிறுத்தப்பட்டிருக்கும் பழைய சர்வரைத் தட்டினாலும் இதே 111 வரும். முகவரி சரியாக இருந்தால், புதிய சர்வரில், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் 'எஸ்எஸ்' கட்டளையை இயக்கி, மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் 3306 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது: தரவுத்தளம் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமே செவிசாய்க்கிறது. உபுண்டுவின் மைஎஸ்கியூஎல் தொகுப்பு, பாதுகாப்புக்காக இப்படித்தான் நிறுவப்படுகிறது. பழைய சர்வரில் யாரோ ஒருவர் இதை மாற்றி வைத்துவிட்டு, குறித்து வைக்காமல் போயிருப்பார். சர்வர் மாற்றங்களில் தரவைவிட இத்தகைய குறிப்புகள்தான் அதிகம் தொலைகின்றன.

மைஎஸ்கியூஎல்லின் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்-அட்ரஸ்' என்ற வரியில் புதிய சர்வரின் உள்வலைப்பின்னல் முகவரியைக் கொடுத்து, சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். 0.0.0.0 என்று கொடுத்தாலும் இணைப்பு கிடைக்கும். ஆனால் அப்போது சர்வரின் எல்லா முகவரிகளிலும் போர்ட் திறந்துவிடும் என்பதால், ஃபயர்வாலைச் சரியாக அமைக்கும் முன் அதைச் செய்ய வேண்டாம். அதே இயந்திரத்தில் 127.0.0.1 வழியாக இணையும் பிற நிரல்கள் இருந்தால், 8.0.13 பதிப்பு முதல் அந்த வரியில் பல முகவரிகளைக் காற்புள்ளியிட்டு எழுதலாம்.

இதைச் செய்தபின் பிழை நீங்காமல் எண் மட்டும் மாறினால் மனம் தளர வேண்டாம். ஒரு தடையைத் தாண்டிவிட்டீர்கள். 110 வந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த சர்வர்களில் பெரும்பாலும் இயங்குதளத்துக்குள் ஒன்றும், சேவை வழங்குநரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு ஃபயர்வால்கள் இருக்கும். இரண்டிலும் இணையதளச் சர்வரின் ஐபிக்கு மட்டும் 3306-ஐத் திறக்க வேண்டும்.

1130 அல்லது 1045 வந்தால் சிக்கல் பயனர் கணக்கில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டுமன்று; எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததே கணக்கு. உங்கள் ஒரு தரவுத்தளத்தை மட்டும் 'மைஎஸ்கியூஎல்டம்ப்' கொண்டு நகலெடுத்திருந்தால், கணக்குகள் 'மைஎஸ்கியூஎல்' என்ற தனி அமைப்புத் தரவுத்தளத்தில் இருப்பதால் அவை கூடவே வந்திருக்காது. 1045 பிழைச்செய்தியில் பயனர் பெயருக்குப் பின் ஒரு முகவரி வரும். சர்வரின் கண்ணுக்கு நீங்கள் தெரிவது அந்த முகவரியில்தான். அதே முகவரியுடன் கணக்கை உருவாக்கி, பிறகு உரிமை வழங்குங்கள். பழைய பதிப்புகளில் உரிமை வழங்கும் 'கிராண்ட்' கட்டளை கணக்கையும் சேர்த்தே உருவாக்கிவிடும், 8.0 முதல் அந்த வசதி இல்லை. எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று பொருள்படும் சதவீதக் குறியை அவசரத்துக்குப் போடுபவர்கள், பின்னர் அதை நீக்க மறந்துவிடுவதே வழக்கம்.

கேள்வி: இணையதளச் சர்வரின் கட்டளை வரியிலிருந்து தரவுத்தளம் இணைகிறது, அதே சர்வரில் இணையதளத்தின் பிஎச்பி நிரல் வழியாக முயன்றால் 2003, அடைப்புக்குறிக்குள் 13 என்று வருகிறது. இரண்டுக்கும் ஒரே பயனர், ஒரே கடவுச்சொல். இது எப்படிச் சாத்தியம்?

பதில்: 13 என்பது அனுமதி மறுப்பு, மறுப்பது உங்கள் இணையதளச் சர்வரேதான், தரவுத்தளம் அன்று. ரெட்ஹேட் வகை லினக்ஸில் இயங்கும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு, இணையச் சேவை நிரல் வெளியிலுள்ள தரவுத்தளத்துடன் பேசுவதை இயல்பாகத் தடுத்து வைக்கிறது. கட்டளை வரியில் நீங்களே இயக்கும் நிரலுக்கு அந்தத் தடை இல்லை. 'எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி' என்ற அமைப்பை நிரந்தரமாக இயங்கச் செய்தால் போதும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கேள்வி: வெளியிலிருந்து என் மடிக்கணினியில் தரவுத்தளத்தைப் பார்க்க, 3306-ஐ இணையத்துக்குத் திறந்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். எஸ்எஸ்எச் (மறையாக்கம் செய்யப்பட்ட தொலை இணைப்பு) வழியே சுரங்க இணைப்பு அமைத்து, மடிக்கணினியின் 3307 போர்ட்டைச் சர்வரின் 3306-க்குத் திருப்பிவிடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இணைக்கும்போது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் மைஎஸ்கியூஎல் நிரல் வலைப்பின்னலை விட்டுவிட்டு, ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ள உதவும் சாக்கெட் கோப்பைத் தேடிப்போய், 2002 என்ற பிழையுடன் திரும்பிவரும்.