நோன்பில் எடை கூடுவது ஏன்?

கேள்வி: பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு நோன்பு மாதமும் எனக்கு எடை கூடுகிறதே, ஏன்?
– வாசகி, கிண்ணியா

பதில்: தங்கச்சி, நம் திருகோணமலைப் பக்கம் நோன்பு ஏறத்தாழ 13 மணித்தியாலம். மிச்ச நேரத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாவிலும் சீனியிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், எண்ணெயில் 9. பொரித்த சமோசா, ரோல்ஸ், மேலே சர்பத் என்று போனால் எடை கூடத்தான் செய்யும்.

நோன்புக் கஞ்சியை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இறைச்சியின் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு, வெந்தயம், இஞ்சி, பூண்டு போட்டு, இரண்டாம் தேங்காய்ப்பாலை மட்டும் விட்டுக் காய்ச்சுவோம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சியோடு நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வாருங்கள். பசி பாதி அடங்கியிருக்கும். அப்புறம் அளவாகச் சோறும் மீனாணமும் கீரைச் சுண்டலும் போதும்.

விடியுமுன் சாப்பிடும் சஹரை மட்டும் விட்டுவிடாதீர்கள். குரக்கன் பிட்டு, முட்டை, சீனி போடாத உங்களூர் எருமைத் தயிர், எல்லாம் நல்லது. கருவாடும் ஊறுகாயும் அந்நேரம் வேண்டாம். பகலில் தாகம் வாட்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரென்றால், நோன்பு தொடங்குமுன்பே டொக்டரைக் கண்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.